பருவக் கடைசி நாளில் ஒரு மணி நேரம் நோட்டுகளுக்கு

பள்ளியில் பருவம் முடியும் விழா நாளில் ஆட்டம் பாட்டம் எல்லாம் இருக்கட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பழைய நோட்டுகளுக்கு ஒதுக்குங்கள். நடுவில் இருக்கும் பின்னை ஸ்கேல் முனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டால் தாள்கள் தனித்தனியாக வந்துவிடும்; ஒரு பாதியில் எழுதி மறுபாதி வெறுமையாக இருந்தால் மடிப்பிலேயே கிழித்துக்கொள்ளலாம், அப்புறம் எழுதாத தாள்களை அளவு பார்த்து அடுக்கி, ஓரத்தில் மூன்று துளை போட்டு தடிமனான நூலால் தைத்தால் அடுத்த பருவத்துக்கு ரஃப் நோட்டு தயார். அட்டையில் படம் வரைவதைச் சின்னப் பிள்ளைகளிடம் விடுங்கள், அவ்வளவு ஆசையாகச் செய்வார்கள்.

எழுதிய தாள்கள் பழைய பேப்பருக்குப் போகட்டும். ஆனால் ஜிகினா ஒட்டியதை அதோடு கலக்காதீர்கள், அந்தத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். மேடை அலங்காரத்துக்கும் அதை வாங்காமல் இருப்பதே நல்லது.