தாண்டும் காலைக் கவனியுங்கள்: தடகளக் காதல் மங்கா வரைய

பள்ளித் தடகளத்தை வைத்துக் காதல் மங்கா (வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானியச் சித்திரக்கதை) வரையும்போது சறுக்கும் இடம் கால். உயரம் தாண்டுதலில் கடைசி நாலைந்து காலடிகள் வளைந்து வரும்; கம்பிக்குத் தள்ளியிருக்கும் காலே தரையை உதைக்கும். உள்பக்கக் காலை ஊன்றி வரைந்தால் உடம்பு திரும்பாது, முதுகு கம்பிக்கு வராது. கம்பிக்கு மேலே இடுப்புதான் உச்சம், தலை அந்நேரம் மறுபக்கம் இறங்கியிருக்கும். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் தடகளப் போட்டி நடக்கும்போது காலரியில் உட்கார்ந்து இதை மட்டும் வரைந்து பழகுங்கள்.

ஏ4 தாளில் 150×220 மில்லிமீட்டர் சட்டம் போதும். தாண்டலுக்குப் பாதிப் பக்கம். பார்த்து நிற்கும் நாயகியின் கண்களுக்கு ஒரு குறுகிய கட்டம், வசனமே வேண்டாம். தமிழ் வசனம் என்றால் கட்டங்களை இடமிருந்து வலமாக முதலிலேயே அடுக்குங்கள். வலமிருந்து இடமாக வரைந்துவிட்டு, பிறகு கணினியில் படத்தை இடவலமாகப் புரட்டினால் இடதுகாலால் தாண்டுபவன் வலதுகாலுக்கு மாறிவிடுவான்.