பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வரவில்லையா? கதிரையில் இருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் எந்தச் சின்னப் பள்ளிக்கூடத்து அதிபரைக் கேட்டாலும் ஒரு முறைப்பாடு வைத்திருப்பார்: பெற்றோர் கூட்டம் வைத்தால் சனம் வருவதில்லை, வருகிறவர்களும் கையெழுத்தை வைத்துவிட்டுப் பின்பக்கத்தால் நழுவி விடுகிறார்கள். வலிகாமத்திலும் தீவுப் பக்கத்திலும் ஆரம்பப் பிரிவில் 27 வருஷம் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்தப் பாட்டை நானும் பல வருஷம் பாடியவள்தான். "இந்த ஊர்ச் சனம் திருந்தாது" என்று ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் கூட்டம் நடக்கும்போது ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி என்று நான் வெளியே போய்த் திரும்பி வந்தேன். வாசலில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. முன்னுக்கு இரண்டு வரிசை பிளாஸ்டிக் கதிரை. அதில் கிராம அலுவலர், வங்கியில் வேலை செய்யும் ஒரு தகப்பன், இரண்டு மூன்று ஆசிரியர்மாரின் குடும்பம். அதற்குப் பின்னால் பிள்ளைகள் இருக்கும் கட்டை வாங்கு, முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் சில அம்மாமார். வெளியே மாமரத்தடியில் ஆறு ஏழு பேர் நிற்கிறார்கள். உள்ளே நாலு கதிரை சும்மா கிடக்கிறது. "உள்ள வாங்கோவன்" என்றேன். "பரவாயில்லை ரீச்சர், இஞ்ச நல்லாக் கேக்குது" என்றார் ஒருவர். அவர்கள் எந்த ஒழுங்கையில் இருந்து வருகிறவர்கள் என்று எனக்கும் தெரியும், உள்ளே இருந்தவர்களுக்கும் தெரியும்.

1930ஐ ஒட்டிய வருஷங்களில், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது இங்கே எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில் இருந்துதான் படித்தார்கள். இப்போது வகுப்பில் அப்படி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பெற்றோராகிப் பள்ளிக்கு வரும்போது எந்தக் கதிரையில் இருக்கிறார்கள் என்று ஒருக்கா நின்று பாருங்கள்.

ஆகவே முதல் வேலை இதுதான், காசு செலவில்லாத வேலை. கதிரைகளை வட்டமாகப் போடுங்கள். எல்லாம் ஒரே மாதிரிக் கதிரையாக இருக்கட்டும், போதாவிட்டால் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் கேட்டு எடுங்கள். ஆசிரியர்கள் ஒரு பக்கமாக வரிசையில் இராமல் இடையிடையே இருக்க வேண்டும். அதிபருக்குத் தனி மேசை வேண்டாம். வாசலில் ஒரு ஆசிரியர் நின்று, வருகிறவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் இருத்த வேண்டும், அதுவும் மாமரத்தடியில் நிற்கப் போகிறவர்களை முதலில். பிரதம விருந்தினர், மாலை, வரவேற்புரை, ஆசியுரை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். முக்கால் மணித்தியாலத்தில் கூட்டத்தை முடித்துப் பாருங்கள், அடுத்த முறை தானாகப் பத்துப் பேர் கூடுவார்கள்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி விட்டவுடன் இரண்டு மணிக்கு வைப்பது நமக்கு வசதி, ஏனென்றால் நாங்கள் பஸ் பிடிக்க வேண்டும். தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற காலத்தில் அந்த நேரம் ஒருவரும் வரமாட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். கடற்கரை ஊர் என்றால், இரவு தொழிலுக்குப் போனவர் மத்தியானம் நித்திரை. ஆகவே ஊருக்கு எது தோதான நேரம் என்று ஊரையே கேளுங்கள். கோவில் திருவிழா நாட்களையும், வேதக்கார (கிறிஸ்தவ) ஊர் என்றால் பூசை நேரத்தையும் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு பள்ளியில் பின்னேரம் ஐந்து மணிக்கு மாற்றினோம். ஆசிரியர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள், நியாயம்தான், அதனால் தவணைக்கு ஒரு தடவைக்கு மேல் வைக்கவில்லை.

அழைப்பை அச்சடித்த கடிதமாக அனுப்பாமல் பிள்ளையைக் கொண்டு கொப்பித் தாளில் எழுதுவியுங்கள். "அம்மம்மா, வியாழக்கிழமை 5 மணிக்கு எங்கட வகுப்புக்கு வாங்கோ, நான் பாட்டுப் பாடுவன்." பிழை இருந்தால் இருக்கட்டும். அம்மம்மா என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். தாய் மத்திய கிழக்கில், தகப்பன் இல்லை, அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். யுத்தத்தில் தகப்பனை இழந்த, தகப்பன் எங்கே என்றே தெரியாத வீடுகள் இங்கே உண்டு. விபரப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் சத்தமாகக் கேட்டு நிரப்புகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

அடுத்தது, வீட்டுக்குப் போவது. நம் ஊரில் ரீச்சர் வீட்டு வாசலில் நின்றால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துவிட்டான் என்றுதான் அர்த்தம். தீவில் இருந்தபோது என்னிடம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெடியன், எழுத்து வராது, எந்நேரமும் கடைசி வாங்கு. ஒரு நாள் வள்ளம் ஒன்று கீறினான். பின்பக்கத்தில் எஞ்சின், அதன் விசிறி தண்ணிக்குள் எவ்வளவு இறங்கி நிற்க வேண்டுமோ அவ்வளவு, அணியத்தில் நங்கூரக் கயிறு சுருட்டி வைத்தபடி. அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்குப் போனேன். தகப்பன் வலை பொத்திக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் ஊசியை வைத்துவிட்டு எழும்பினார். "என்ன ரீச்சர், ஆருக்கும் அடிச்சுப் போட்டானோ?" கொப்பியை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கயிறு மற்றப் பக்கமாச் சுத்த வேணும், அதொண்டுதான் பிழை" என்றார்.

அடுத்த மாதம் அவரையே வகுப்புக்குக் கூப்பிட்டேன், சுற்றாடல் பாடத்துக்கு வலை பொத்திக் காட்ட. வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார், தான் ஆறாம் வகுப்போடு நின்றவராம். வந்து ஒரு மணித்தியாலம் இருந்தார். எந்த மீனுக்கு எந்தக் கண் வலை என்று அவர் சொல்லச் சொல்ல, 14 பிள்ளைகளும் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள், நானும்தான். அவருடைய மகன் அன்று கடைசி வாங்கில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை, உள்ளே கதிரையில்தான் இருந்தார்.

ஆகவே செய்ய வேண்டியது: தவணைக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தி போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் நடந்து போக முடியாது, ஐந்து வீட்டுக்குப் போங்கள், மிச்சத்துக்குத் தொலைபேசி. வைபர் குழுவில் போடுவதென்றால் குரல் பதிவாகப் போடுங்கள், வாசிக்கத் தெரியாத அப்பப்பா அம்மம்மாவுக்கும் விளங்கும். ஒரு பிள்ளையின் குறையை, புள்ளியை, கட்டாத காசைக் குழுவில் ஒருநாளும் போடாதீர்கள். காலை வணக்கப் படமும் வேண்டாம், நாளுக்கு இருபது பூப்படம் வந்தால் உங்கள் அறிவித்தல் அதற்குள் புதைந்துபோகும்.

பிள்ளைகளுக்கிடையில் மரியாதை எப்படி வரும் என்றும் கேட்பீர்கள். வகுப்பில் நாங்கள் யாரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்று பாருங்கள். "மொக்கு", "கறுவல்" என்று ஆசிரியர் ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொன்னால் போதும், பிள்ளைகள் வருஷம் முழுக்கச் சொல்வார்கள். மலசலகூடம் கழுவுகிற முறை வந்தால் எல்லாப் பிள்ளையும் முறைக்கு வர வேண்டும், ஆசிரியரும் ஒரு நாள் தும்புத்தடியைத் தூக்க வேண்டும். குறிப்பிட்ட சில வீட்டுப் பிள்ளைகளையே அந்த வேலைக்கு அனுப்புகிற ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன், கேட்டால் "அவங்கள்தான் வடிவாச் செய்வாங்கள்" என்று பதில்.

அடி விஷயம் ஒன்று இருக்கிறது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் பிறகு 2016இலும் சுற்றுநிருபம் அனுப்பிவிட்டது. ஆனாலும் பெற்றோரே வந்து, "கண்ணை மட்டும் விட்டிட்டு மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான் ரீச்சர், உரிச்சுப் போடுங்கோ" என்று சொல்வார்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்கிற தாயை இருத்தி, வீட்டில் என்ன நடக்கிறது என்று கதையுங்கள், பெரும்பாலும் அவருக்குக் களைப்பு, வேறொன்றுமில்லை. உண்மையிலேயே பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி சுவரில் எழுதிவையுங்கள். சின்னச் சண்டைக்கு, "மன்னிப்புக் கேள்" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் பிள்ளை வாயால் மட்டும்தான் கேட்கும். மற்றவனின் பென்சிலை முறித்தவன் அவனுக்கு ஒரு கிழமை பென்சில் சீவிக் கொடுக்கட்டும். மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து மாங்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைப் பதாகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். பெறுபேறு வந்தவுடன் சந்தியில் பதாகை ஏறும், வெட்டுப்புள்ளி தாண்டிய இரண்டு பேரின் படம், 200க்கு எத்தனை என்று பெரிய இலக்கத்தில். வகுப்பில் 11 பிள்ளைகள். மற்ற ஒன்பது பேரும் தினமும் அந்தச் சந்தியைத் தாண்டித்தான் பள்ளிக்கு வர வேண்டும், அவர்களின் தாய்மாரும் அந்தச் சந்திக் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். பதாகை கட்டாதீர்கள் என்றால் பழைய மாணவர் சங்கத்தோடு சண்டை வரும், எனக்கு வந்தது. ஆகவே ஒரு நடுவழி: ஐந்தாம் வகுப்பு முழுவதையும் ஒரே படமாக எடுத்து, "எங்கள் பள்ளியில் இருந்து விடைபெறும் பிள்ளைகள்" என்று போடுங்கள். பெறுபேறு வர முன்னமே அச்சடித்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம்.

நகரத்துப் பள்ளிக்கு வான் வண்டியில் பிள்ளையை அனுப்புகிற பெற்றோரைத் திட்டாதீர்கள். உங்கள் கேற்றைத் தாண்டித்தான் அந்த வான் போகும், மனம் நோகும், தெரியும். வாணி விழாவுக்கும், முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவுக்கும் அவர்களுக்கும் அழைப்புக் கொடுங்கள். கடைசிப் பிள்ளையை உங்களிடம் சேர்க்கக்கூடும்.

சிரமதானம் ஊரை உள்ளே கொண்டுவர நல்ல வழி, ஆனால் "எல்லாரும் வாங்கோ" என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னம் ஒரு நாள் வையுங்கள், நுளம்புக் காலத்துக்கு முன்பே காணியும் துப்புரவாகும். இவர் மண்வெட்டி, அவர் கத்தி, இன்னாருடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் குப்பை ஏற்றுவது என்று ஆளுக்கொரு வேலை சொல்லுங்கள். அதிபர் மண்வெட்டி பிடிக்க வேண்டும், படத்துக்காக ஐந்து நிமிஷம் அல்ல. பத்து மணிக்குத் தேத்தண்ணியும் வாய்ப்பனும், பன்னிரண்டுக்கு முடிவு.

வெளிநாட்டுக் காசு பற்றி. கனடாவில், லண்டனில், சுவிஸில் இருக்கிற பழைய மாணவர்கள் இல்லாவிட்டால் பல பள்ளிகளுக்குக் கூரையே இருந்திராது, அதை மறக்கக்கூடாது. ஆனால் நான் இருந்த ஒரு பள்ளிக்குக் குடிதண்ணி சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது, பெயர்ப்பலகை, நாடா வெட்டல் எல்லாம் நடந்தது. ஏழு மாதத்தில் நின்றுவிட்டது. வடிகட்டி மாற்றக் காசு ஒருவரும் ஒதுக்கவில்லை, மாற்றத் தெரிந்தவரும் ஊரில் இல்லை. பிள்ளைகள் திரும்பவும் பவுசர் தண்ணிக்குப் போத்தலோடு வரிசையில் நின்றார்கள். அதனால் யாராவது ஏதாவது தருகிறோம் என்றால், "இதைப் பராமரிக்க மாதம் எவ்வளவு, அதை யார் செய்வது" என்று முதலே கேளுங்கள். தருகிறவர் கோபிக்க மாட்டார், கோபித்தால் அந்தக் காசு வேண்டாம்.

கடைசியாகக் கணக்கு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவை மாதாமாதம் பெரிய எழுத்தில் எழுதி, கேற்றுக்குப் பக்கத்தில், வெளியே நின்று வாசிக்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள். ஆணி 120 ரூபா என்றால் அதையும். பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளும் நூலில் கட்டிய பேனையும் தொங்கவிடுங்கள், கேள்வி எழுதுவதற்கு. நாங்கள் செய்தபோது முதல் கிழமையில் இரண்டு பேனை காணாமல் போனது. மூன்றாவது பேனையால் யாரோ ஒருவர் நெளிந்த எழுத்தில் எழுதியிருந்தார்: "போன மாதம் வாங்கின மூண்டு தும்புத்தடியில ரெண்டைத்தான் காணுறன், மற்றது எங்க?" அதிபர் அன்று பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினார், நூலக அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து கேற்றடியில் சாத்திவிட்டு, கேள்விக்குக் கீழே "கிடைத்துவிட்டது, நன்றி" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்.