கிடா ஏன் உதட்டைச் சுருட்டுகிறது? விலங்குகளின் வாசனை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்ததும் கிடா தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் வருகிறவர்கள் அதைப் போனில் எடுத்து, "பல்லைக் காட்டிச் சிரிக்குது பாரு" என்று போட்டுவிடுகிறார்கள். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது என்பது வேறு விஷயம். கிடா அங்கே செய்வது ஒரு சோதனை. பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. மேலண்ணத்தின் முன்பக்கம் இருக்கும் சிறு துளைகள் வழியாக மூத்திரத்தின் ஈரம் உள்ளே ஏறி, மூக்கின் நடுச்சுவருக்கு அடியில் இருக்கும் மெல்லிய குழாயை அடைகிறது. பாலூட்டிகளில் இந்த உறுப்பை 1813இல் விவரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன். அவர் பெயரிலேயே அதை ஜேக்கப்சன் உறுப்பு என்கிறோம்.

சாதாரண மூக்குக்குக் காற்றில் மிதந்து வரும் வாசனை போதும். ஜேக்கப்சன் உறுப்புக்குப் பெரும்பாலும் தொட வேண்டும், நக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும். ஆவியாகாத புரதங்களையும் அதனால் படிக்க முடியும். மாடும் எருமையும் பூனையும் புலியும் இப்படித்தான் முகத்தைச் சுளிக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்ததாக ஒரு தவறு செய்கிறார்கள். மூக்கு சாப்பாட்டுக்கு, ஜேக்கப்சன் உறுப்பு சமூக வாசனைக்கு என்று பாகம் பிரித்துவிடுகிறார்கள். மூளைக்குப் போகும் பாதைகள் இரண்டு என்பது உண்மைதான். மூக்கின் செய்தி மூளையின் முன்பக்கம் இருக்கும் முகர்குமிழுக்குப் போய், அங்கிருந்து மூளையின் மேலடுக்கான புறணிக்கும், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதிக்கும் பிரிகிறது. ஜேக்கப்சன் உறுப்பின் செய்தி துணை முகர்குமிழுக்குப் போய், அமிக்டலாவின் உள்பகுதி வழியாக ஹைப்போதலாமஸை எட்டுகிறது. இனச்சேர்க்கை, சண்டை, ஹார்மோன் சுரப்பு எல்லாவற்றுக்கும் ஹைப்போதலாமஸில் பிடி இருக்கிறது. ஆனால் பாகப்பிரிவினை அவ்வளவு சுத்தமாக இல்லை. ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கும் ஆன்ட்ரோஸ்டினோன் வாசனைக்குப் பெண் பன்றி அசையாமல் நின்று கொடுக்கும். அதன் ஜேக்கப்சன் உறுப்பை அடைத்துவிட்டாலும் நிற்கும். முயல் குட்டி தாயின் காம்பைத் தேடிப் பிடிப்பதும் சாதாரண மூக்கால்தான். சுண்டெலியிலோ இரண்டும் வேண்டும். ஜேக்கப்சன் உறுப்பு வேலை செய்யாத ஆண் சுண்டெலிக்கு எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்ற பேதமே போய்விடுகிறது. மூக்கு வேலை செய்யாத ஆணோ சண்டைக்கும் போவதில்லை, சேர்வதுமில்லை.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதற்கு அடுத்த தவறு. ஃபெரோமோன், அதாவது ஒரு விலங்கு தன் இனத்துக்கு வெளியிடும் வேதிச் செய்தி, என்றாலே சுவிட்ச் போட்டதும் எரியும் பல்பு மாதிரி, வாசனை பட்டதும் விலங்கு ஒரே காரியத்தைச் செய்யும் என்று எழுதுவது. 1959இல் அந்தப் பெயரை வைத்தபோது முன்மாதிரியாக இருந்தவை பெரும்பாலும் பூச்சிகள். பட்டுப்பூச்சிக்கு அது ஓரளவு பொருந்தலாம். பாலூட்டியின் மூளை, வாசனையோடு தன் உடம்பின் நிலையையும் பழைய அனுபவத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறது. இணை சேராத ஆண் சுண்டெலி, குட்டியின் வாசனை பட்டால் பல சமயம் கடித்துக் கொன்றுவிடும். அதே ஆண் இணை சேர்ந்து, குட்டி பிறக்கும் காலம்வரை பெண்ணோடு இருந்தால், குட்டிகளைக் கூட்டுக்குத் தூக்கி வந்து காக்கும். குட்டியின் வாசனையில் மாற்றம் எதுவும் இல்லை. மாறியது தகப்பனின் மூளை.

செம்மறி வளர்ப்பவர்களுக்கு இது கைக்காசு சம்பந்தப்பட்ட விஷயமும் கூட. நீலகிரிச் செம்மறி என்ற நம்மூர் இனத்துக்காக ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. குட்டி போடுவதற்கு முன், தாயின் முகர்குமிழில் உள்ள செல்கள் தீனி வாசனைக்குத்தான் அதிகம் துடிக்கும். குட்டி வெளியே வரும்போது பிறப்புப் பாதை விரிவதால் எழும் நரம்புச் செய்தி, மூளையில் ஆக்ஸிடோசின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்க வைக்கிறது. முகர்குமிழின் இணைப்புகள் அந்த நேரத்தில் இளகி, குட்டியின் வாசனையைப் பதித்துக்கொள்கின்றன. அதன்பிறகு அதே செல்களில் நிறைய குட்டி வாசனைக்குத் துடிக்க ஆரம்பிக்கின்றன. இதுவும் மூக்கின் வேலையே. ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பை வெட்டினாலும் தாய் தன் குட்டியைத் தவறாமல் கண்டுபிடிக்கிறது.

வாசனையைப் பதித்துக்கொள்ளும் இந்த வேலை, குட்டி பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது. குளிருக்குப் பயந்து குட்டியை உடனே வீட்டுக்குள் தூக்கிப்போய், மறுநாள் கொண்டுவந்து விட்டால் தாய் முட்டித் தள்ளலாம். "கல்நெஞ்சுக்காரி" என்று ஆட்டைத் திட்டிப் பயனில்லை. குட்டியைத் துணியால் துடைப்பதைவிடத் தாயை நக்கவிடுவது நல்லது. சோப்புப் போட்டுக் கழுவுவது வேண்டவே வேண்டாம். குட்டியைப் பறிகொடுத்த தாயிடம் அநாதைக் குட்டியைச் சேர்க்க, செத்த குட்டியின் தோலை அதற்குப் போர்த்திவிடும் பழைய முறை பல நாடுகளில் உண்டு. மூளையைப் பிரித்துப் பார்க்காமலேயே மேய்ப்பர்கள் கண்டுபிடித்த வழி அது.

சரி, யானைக்கு வருவோம். முதுமலையில் ஓர் ஆண் யானையின் கன்னத்தில் ஈரக்கோடு தெரிந்தால் வண்டிக்குள்ளிருந்து "ஐயோ, அழுகுது" என்று ஒரு குரல் வரும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பியிலிருந்து வழியும் மதநீர் அது. கூடவே மூத்திரமும் சொட்டிக்கொண்டே இருக்கும். மதத்தை நோய் என்றோ பைத்தியம் என்றோ நினைப்பதும் தவறு. நன்றாகத் தின்று திடமாக இருக்கும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு ஏறும் காலம் அது. தந்தம் இல்லாததால் பெண் யானை என்று முடிவு கட்டுவது இதைவிட ஆபத்து. நம் காடுகளில் மக்னாக்கள் உண்டு. தந்தமில்லாத அந்த ஆண்களுக்கும் மதம் வரும். ஈரக்கோடு கண்ணில் பட்டால் வண்டியைப் பின்னால் எடுங்கள். தெப்பக்காடு முகாமில் மதத்தில் இருக்கும் கும்கியிடம் பழகிய பாகன்களே விளையாடுவதில்லை.

மதநீரின் வாசனை வயதோடு மாறுகிறது. இளம் ஆண்களுடையது தேன் மாதிரி இனிப்பாக இருக்கும். முதிர்ந்த ஆண்களுடையதில் ஃப்ரன்டலின் என்ற பொருள் சேர்ந்துகொள்ளும். முதிர்ந்த ஆணின் அந்த வாசனையைத் தேடி, கரு முட்டை வெளிவரும் நிலையை நெருங்கிய பெண் போகும். சினையாக இருக்கும் பெண்ணும் மற்ற ஆண்களும் அதே வாசனையிலிருந்து ஒதுங்கிப் போவார்கள். பெண் யானை தன் பங்குக்கு மூத்திரத்தில் செய்தி விடுகிறது. அதில் உள்ள வேதிப்பொருளை 1996இல் கண்டறிந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களின் ஃபெரோமோனும் அதுவே என்று தெரிந்தது. ஆண் யானை தும்பிக்கை நுனியை அந்த மூத்திரத்தில் தொட்டு, வாய்க்குள் கொண்டுபோய் மேலண்ணத்தில் வைக்கும். இதைப் பார்த்துவிட்டு "தாகம் போல" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

செந்நாய்கள் காட்டுப்பாதைகள் சந்திக்கும் இடத்தில் கூட்டமாக எச்சமிடுவதை அசிங்கம் என்று ஒதுக்க வேண்டாம். வருகிற போகிற எல்லோர் மூக்கிலும் படும் இடம் அது. புலி மரத்தில் பீய்ச்சும் திரவத்தில் பாஸ்மதி அரிசியின் மணத்துக்குக் காரணமான அதே பொருள் இருக்கிறது. அரிசி வாசனை அடித்தாலே புலி என்று பதற வேண்டியதில்லை. சில செடிகளிலும் அந்த மணம் உண்டு.

கடைசியாக நம் கதை. மனிதர்களைக் கவரும் ஃபெரோமோன் என்று சொல்லி விற்கும் சென்ட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஜேக்கப்சன் உறுப்புக்குத் தேவையான முக்கியமான மரபணு ஒன்று நம்மிடம் செயலிழந்து கிடக்கிறது. பெரியவர்களின் மூளையில் துணை முகர்குமிழும் இல்லை. ஊட்டி ரோட்டில் பிஸ்கட் பிடுங்கும் நாட்டுக்குரங்கும் சோலையில் தாவும் கருமந்தியும் இந்த விஷயத்தில் நம் பங்காளிகள்தான். ஒன்றாக வாழும் பெண்களின் மாதவிடாய் ஒரே நேரத்துக்கு வந்துவிடும் என்று 1971இல் வந்த ஆய்வும் பின்னாளைய ஆய்வுகளில் நிலைக்கவில்லை. அதற்காக நமக்குச் சமூக வாசனையே இல்லை என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. சில மணி நேரமே குழந்தையோடு இருந்த தாய், கண்ணை மூடிக்கொண்டு பல சட்டைகளை முகர்ந்து, தன் குழந்தையின் சட்டையைப் பெரும்பாலும் சரியாக எடுத்துவிடுகிறாள். அதற்கு அவளுக்குச் சாதாரண மூக்கே போதுமானதாக இருக்கிறது.