ஸ்டீயரிங்கை ஒடித்தால், ரிவர்ஸ் எடுத்தால் இன்ஜின் ஆஃப் ஆகிறதா? பாகத்தை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

ஹைவேயில் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு வந்து, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ரிவர்ஸில் மெல்ல விடும்போது மட்டும் பொசுக்கென்று ஆஃப் ஆகிவிடும். என் பழைய பெட்ரோல் காரில் இது வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார்கள். அடுத்த வாரமே, பின்னால் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்க, அதே கேட்டில் மறுபடி நின்றது. அதனால் எந்தச் சுமை இன்ஜினை அமுக்குகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது பெரும்பாலான பெட்ரோல் கார்கள் 700 முதல் 900 ஆர்பிஎம் வரைதான் ஓடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் என்றால் அதன் பம்பையும் பெல்ட் வழியாக இன்ஜின்தான் சுற்ற வேண்டும், ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போது அந்தச் சுமை உச்சத்துக்குப் போகும், கூடவே ஏசியும் ஓடும். அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதல் காற்று கொடுத்து ஐடிலிங்கை, அதாவது கால் வைக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, தூக்கிப்பிடிப்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியுவின் வேலை. அது நடக்காதபோதுதான் வண்டி நிற்கிறது.

சோதனையைச் சமதளமான திறந்த இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துச் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல் மாதிரி ஆகிவிடும், அதனால் சரிவில் விளையாட வேண்டாம்.

முதல் படி: இன்ஜின் சூடாகட்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடியுங்கள், ஐந்து விநாடிக்கு மேல் அப்படியே பிடிக்காதீர்கள். நல்ல வண்டியில் முள் லேசாக இறங்கி உடனே ஏறிவிடும். 500க்குக் கீழே போய் வண்டி உதறினால் ஸ்டீயரிங் சுமையைத்தான் தாங்கவில்லை.

அடுத்து ஸ்டீயரிங்கை நேராக்கி, பிரேக்கை மட்டும் மிதியுங்கள். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது கால் பாதி நேரம் பிரேக்கில்தானே இருக்கிறது! மிதித்ததும் முள் ஆடி, காலடியில் ‘ஸ்ஸ்’ என்று காற்றுச் சத்தம் கேட்டால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டரோ அதற்குப் போகும் ஹோஸோ லீக்.

அப்புறம் ஏசியை மட்டும் போட்டு முள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். 14 வோல்ட் பக்கம் இருந்தது 13க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட், பேட்டரி டெர்மினல், எர்த் வயர் நான்கையும் பாருங்கள்.

இனி பானெட்டைத் திறங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான். ஏர் ஃபில்டரிலிருந்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் கீறல் இருந்தால் சும்மா பார்த்தால் தெரியாது. ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாய்வதால் அந்தக் கீறல் வாயைத் திறக்கும், இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். நியூட்ரலில் எல்லாம் சரியாக இருந்து ரிவர்ஸில் மட்டும் நின்றால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ஹோஸைக் கழற்றினால் த்ராட்டில் தகடு தெரியும். அதன் விளிம்பில் கருப்பாகக் கரி வளையம் இருந்தால் த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலில் தகட்டை விரலால் தள்ளவே கூடாது, உள்ளே கியர் உடையலாம். சில வண்டிகளில் சுத்தம் செய்தபின் ஸ்கேனர் போட்டு ஐடிலிங் ரீசெட் செய்ய வேண்டியிருக்கும்.

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் திருப்பத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்புக்குச் சரியாகக் கிடைக்காமல் போகலாம். பாதி டேங்க் போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

என் வண்டியில் கடைசியில் பிடிபட்டது பவர் ஸ்டீயரிங் பிரஷர் சுவிட்ச். அதன் கனெக்டர் கசிந்த ஆயிலில் ஊறிப் போயிருந்தது, சுமை வருகிறது என்ற தகவலே இசியுவுக்குப் போகவில்லை. கசிவை அடைத்து, பின்னைத் துடைத்து மாட்டினேன். இப்போது அதே கேட்டில் ஒடித்தால் முள் ஒரு நூலளவு இறங்கி, தானாக ஏறிக்கொள்கிறது.