ரோபோ சத்திரசிகிச்சைக் கருவி: மோட்டாருக்கு முன் கயிற்றைப் பாருங்கள்

ரோபோ சத்திரசிகிச்சைக் கருவியை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுக்கும் கொழும்புப் பிள்ளைகள் பலர் முதலில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குத்தான் ஓடுவார்கள், மோட்டார் வாங்க. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. உடலுக்குள் போகும் நுனி எப்படி நடந்துகொள்ளும் என்பதை மோட்டாரைவிட அதிகமாகத் தீர்மானிப்பது இடையில் ஓடும் மெல்லிய கம்பிக் கயிறு.

2000 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி என்ற சத்திரசிகிச்சை ரோபோவின் வழக்கமான கருவித்தண்டு 8 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் நுனியிலுள்ள மணிக்கட்டை மடக்குவதும் தாடைகளைத் திறந்து மூடுவதும் தங்குதன் கயிறுகள். கிரேன்களில் கப்பியின் விட்டம் கயிற்றின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு இருக்கவேண்டும் என்று கணக்கிடுவார்கள். அதே கணக்கில் 0.5 மில்லிமீற்றர் கயிற்றுக்கு 10 மில்லிமீற்றர் கப்பி தேவை. அது தண்டுக்குள்ளேயே நுழையாது! எனவே கப்பியைச் சிறிதாக்குகிறோம். கயிறு ஒவ்வொரு வளைவிலும் களைத்து, இழை இழையாக அறுகிறது. இத்தகைய கருவிகளை இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று வரம்பு வைப்பதில் வியாபாரக் கணக்கும் இருக்கலாம், ஆனால் கயிற்றின் களைப்பு பொய்யல்ல. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பிரேக் வயரால் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், அதை ஒரு தீக்குச்சியைச் சுற்றி மடித்துப் பார்க்கட்டும்.

அடுத்தது உராய்வு. இடம் மிச்சம் பிடிக்கவென்று கப்பிக்குப் பதிலாக அசையாத சிறு முளையைச் சுற்றிக் கயிற்றைத் திருப்புவார்கள். உராய்வுக் குணகம் 0.15 என்று வைத்தால், ஒரு அரைச்சுற்றுக்கு இழுவிசை 1.6 மடங்காகும். இரண்டு அரைச்சுற்று என்றால், நுனியில் 10 நியூற்றன் கிடைக்க மோட்டார்ப் பக்கம் ஏறத்தாழ 26 நியூற்றன் இழுக்கவேண்டும். இந்நிலையில் மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்து, இழையத்தின் மீதுள்ள விசை இவ்வளவு என்று அறிக்கையில் எழுதுவது வீண் வேலை. அளந்ததில் பாதிக்கு மேல் உராய்வுதான். சுழலும் கப்பி போடுங்கள், சுற்றும் கோணத்தைக் குறையுங்கள்; விசை உண்மையாகவே வேண்டுமென்றால் உணரியை நுனிக்கு அருகில் வையுங்கள்.

பலரும் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கும் சிக்கல் ஒன்றுண்டு. தாடைக்கான கயிறு மணிக்கட்டைத் தாண்டித்தான் போகிறது. மணிக்கட்டுக் கப்பியின் ஆரை 2 மில்லிமீற்றர் என்றால், 30 பாகை மடக்கும்போது தாடைக் கயிற்றின் பாதை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மாறும். தாடைக் கப்பியும் அதே ஆரையானால், யாரும் சொல்லாமலே தாடை 30 பாகை திரும்பிவிடும். இதைக் கட்டுப்பாட்டு நிரலில் ஈடுசெய்யலாம். ஆனால் சமன்பாட்டை உலோகம் வெட்டுவதற்கு முன்பே எழுதிவிடவேண்டும். புதுக் கயிறு கொஞ்சம் நீளும் என்பதால், பூட்டுவதற்கு முன் சில தடவை பாரம் ஏற்றி இழுத்துப் பழக்குவதும் அவசியம்.

கழுவுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நீராவிக் கிருமிநீக்கம் வழக்கமாக 134 பாகை செல்சியசில் நடக்கும். முப்பரிமாண அச்சில் எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். அதைவிட மோசமானது, இரத்தம் போய்க் காய்ந்துவிடும் இடுக்குகள். தண்டுக்குள் நீர் பாய்ச்சிக் கழுவ ஒரு வழி வேண்டும். மோட்டாரைக் கருவியோடு ஒட்டிவிடுவதும் இதே வகைத் தவறு: மோட்டார் கிருமிநீக்கிய உறைக்குள் மூடப்பட்டு ரோபோவின் கையிலேயே இருக்க, கருவி மட்டும் கழன்று வரவேண்டும்.

கருவி நுழையும் வயிற்றுத் துளையில் அசையாமல் நிற்கவேண்டிய சுழற்சிப் புள்ளியை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் புள்ளியைச் சட்டங்களாலேயே நிலைநிறுத்தும் இணைகர இணைப்பு கூடுதல் இடத்தை அடைக்கும்தான், இருந்தாலும் நிரல் தடுமாறினாலும் வயிற்றுச் சுவர் கிழியாது.

கடைசியாக, மின்வெட்டு. தாடை இழையத்தைக் கவ்வியிருக்கும்போது மின் போனால் எப்படித் திறப்பீர்கள்? டா வின்சியில் கையால் திருப்பித் திறப்பதற்கென்றே ஒரு சாவி உண்டு. அதுபோல் ஒன்றைச் செருகும் துளையை முதல் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். கப்பிகளையும் கயிறுகளையும் அடுக்கிப் பெட்டியை மூடிய பிறகு அதற்கு இடம் கிடைக்காது.