முள் ஏறுகிறதா? முதலில் ஹீட்டரைத் திறந்து பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியார் தாண்டியதும் என் பழைய மாருதி 800-இன் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிட்டது. ஹீட்டரை முழுதாகத் திறந்தால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்பதால் அதைத் திறந்தேன். வந்தது குளிர்ந்த காற்று. கோளாறு எங்கே என்று அப்போதே பாதி புரிந்துவிட்டது.

ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் இல்லை. இன்ஜினின் சூட்டை எடுத்துச் செல்ல அதைச் சுற்றிவரும் திரவம்தான் கூலண்ட்; அந்தச் சூடான கூலண்டில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகிறது. அதன் மேல் ஃபேன் ஊதுகிறது, அவ்வளவுதான். முள் ஏறியும் காற்று குளிர்ந்தே வந்தால் கூலண்ட் அங்கே வந்து சேரவில்லை என்று பொருள்: அளவு குறைந்திருக்கும், உள்ளே காற்று அடைத்திருக்கும், அல்லது வாட்டர் பம்ப் தள்ளவில்லை. காற்று நன்றாகச் சுட்டால் சுற்றோட்டம் இருக்கிறது. அப்போது ரேடியேட்டர், அதன் ஃபேன், தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) பக்கம் பாருங்கள்.

முதல் வேலை, காத்திருப்பது. வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தைரியமாகப் பிடிக்க முடிகிற அளவு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட், திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

அடுத்து மூடி. இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜின் ஓடுவதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது. ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். மூடியின் மேலே அது தாங்கும் அழுத்தம் 0.9, 1.1 என்று பொறித்திருக்கும்; அதே எண்ணில் வாங்குங்கள்.

கூலண்ட் அளவை ரேடியேட்டரிலேயே பாருங்கள். நான் பக்கத்தில் இருக்கும் உபரி கூலண்ட் பாட்டிலை நம்பித்தான் ஏமாந்தேன். பாட்டில் நிறைய இருந்தது. ரேடியேட்டரோ ஒரு லிட்டர் குடித்தது. இரண்டுக்கும் நடுவே போகும் விரல் தடிமன்கூட இல்லாத டியூப், மூட்டுக்குப் பக்கத்தில் நகக்கீறல் மாதிரி வெடித்திருந்தது. இன்ஜின் ஆறும்போதெல்லாம் பாட்டிலிலிருந்து கூலண்டை உறிஞ்சாமல் அந்த வெடிப்பு வழியாகக் காற்றையே உறிஞ்சியிருக்கிறது.

காற்றை வெளியேற்றுங்கள். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, ஆறிய இன்ஜினில் மூடியைக் கழற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி வர வர கூலண்ட் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் குமிழி நின்றால் சரி, மூடிவிடலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் ஆயில் மூடிக்கு அடியில் பால்காபி நிறப் பசையும் இருந்தால், இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால், சாவியைப் போட்டு ஃபேன் ஸ்விட்சுக்கு வரும் இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, ஸ்விட்ச்தான் கெட்டது. கையைத் தள்ளியே வைத்திருங்கள்.

இனி ஹீட்டர் மட்டும் சரியில்லாதவர்களுக்கு. முள் எப்போதும் கீழேயே கிடந்து காற்று வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இருக்காது. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று கழற்றிப் போடுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் பெட்ரோலும் வீண், தேய்மானமும் அதிகம். முள் நடுவில் நின்றும் காற்று குளிர்ந்தே வந்தால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் வால்வு திறக்கவில்லை அல்லது உள்ளே அடைப்பு. வால்வின் கேபிள் கழன்றிருப்பதும் உண்டு, அதை முதலில் பாருங்கள். முன்சீட்டின் கால்விரிப்பு நனைந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பனி படிந்து, தித்திப்பான வாடை அடித்தால் ஹீட்டரே ஒழுகுகிறது.

வேலை முடிந்ததும் தரையில் சிந்திய கூலண்டைத் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அது இனிக்கும் என்பதால் தெருநாய்கள் நக்கும். அதில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் கொஞ்சமே போனாலும் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.