அண்டர்கிராஜுவேட்: யாரைச் சொல்லலாம், எப்படி எழுதலாம்

கல்லூரியில் முதல் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருப்பவர்தான் அண்டர்கிராஜுவேட். பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, அதுதான் இதில் முக்கியம். இளநிலை மாணவர் என்கிறோமே, அவரேதான். பி.ஏ., பி.எஸ்சி., பி.இ. என்று எது படித்தாலும், முதலாம் ஆண்டானாலும் கடைசி செமஸ்டரானாலும் இதே சொல்தான்.

பட்டம் வாங்கிவிட்டால் அவர் கிராஜுவேட், அதாவது பட்டதாரி. இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். பி.எஸ்சி. முடித்து வேலை தேடுகிறவர் தன் விண்ணப்பத்தில் 'ஐ ஆம் அன் அண்டர்கிராஜுவேட்' என்று எழுதினால், அதை வாசிப்பவர் இவர் இன்னும் படிப்பை முடிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார். நம் பேச்சில் 'நான் யூஜிதான்' என்றால் எம்.எஸ்சி. படிக்கவில்லை, பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டேன் என்று புரிந்துகொள்கிறோம், அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறது. முடித்துவிட்டீர்களா, தயங்காமல் கிராஜுவேட் என்றே போடுங்கள், உழைத்து வாங்கிய பட்டத்தை நீங்களே ஏன் மறைக்க வேண்டும்?

'அண்டர்கிராஜுவேஷன்' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். நம் ஊர் ரெஸ்யூமேக்களில் சர்வ சாதாரணமாக வரும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது உறுத்தும். 'ஐ கம்ப்ளீட்டட் மை அண்டர்கிராஜுவேட் டிகிரி' என்று எழுதலாம், இல்லையென்றால் 'ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம்' என்று தொடங்கிக் கல்லூரியின் பெயரைச் சேர்க்கலாம். அந்த 'ஃப்ரம்' விடுபடக் கூடாது. 'பாஸ்டு அவுட்' என்று எழுதாதீர்கள், பல நாடுகளில் அதற்கு மயங்கி விழுந்தார் என்றுதான் முதலில் பொருள் வரும்.

உச்சரிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழில் கிராஜுவேட் என்றே எழுதிப் பழகிவிட்டோம், ஆனால் ஆளைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் கடைசி அசை நீளாது, 'கிராஜுவட்' என்பதுபோலச் சுருங்கும். பட்டம் பெறுதல் என்ற வினைச்சொல்லாக வரும்போதுதான் 'வேட்' என்று நீட்ட வேண்டும். அண்டர்கிராஜுவேட்டை வினையாகப் பயன்படுத்துவதில்லை என்பதால் அதில் எப்போதும் குறுகிய ஒலிதான். 'அண்டர்கிராட்' என்று சுருக்கிச் சொல்வது பேச்சுக்குச் சரி, விண்ணப்பக் கடிதத்தில் முழுச் சொல்லையே எழுதுங்கள்.

அப்புறம், நாட்டுக்கு நாடு வழக்கு மாறும். முதுநிலை படிப்பவரை பிரிட்டனில் போஸ்ட்கிராஜுவேட் என்பார்கள், நாமும் அப்படித்தான். அமெரிக்காவில் அவர் கிராஜுவேட் ஸ்டூடன்ட், பிஎச்.டி. செய்பவரும் அதே பெயரில்தான் வருவார். ஆகவே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் 'கிராஜுவேட் அட்மிஷன்ஸ்' என்று பார்த்தால் அது எம்.எஸ்., பிஎச்.டி. சேர்க்கைக்கான பக்கம், பிளஸ் டூ முடித்தவர்கள் 'அண்டர்கிராஜுவேட் அட்மிஷன்ஸ்' பக்கத்துக்குப் போக வேண்டும். மருத்துவத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. இங்கே எம்.பி.பி.எஸ். படிப்பவர் அண்டர்கிராஜுவேட், அமெரிக்காவிலோ பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவப் படிப்பு என்பதால் அங்குள்ள மருத்துவ மாணவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆன்லைன் படிவம் நிரப்பும்போது கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். 'லெவல் ஆஃப் ஸ்டடி' என்று கேட்டால் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று அர்த்தம், இறுதியாண்டு மாணவர் அண்டர்கிராஜுவேட்டைத் தேர்ந்தெடுக்கலாம். 'ஹையஸ்ட் குவாலிஃபிகேஷன் கம்ப்ளீட்டட்' என்று இருந்தால் அதே மாணவர் பிளஸ் டூவைத்தான் காட்ட வேண்டும். பட்டம் எப்போது கிடைக்கும் என்பதைச் சொல்ல 'எக்ஸ்பெக்டட் கிராஜுவேஷன் டேட்' என்று தனிக் கட்டம் இருக்கும், படிப்பு முடியும் மாதத்தையும் ஆண்டையும் அதில் போடுங்கள்.